ஊர்ல மூணு லேஅவுட் வந்தாச்சு, நாலாவது 14 ஏக்கர்ல வருது, தண்ணி டேங்க் மட்டும் அதே 30,000 லிட்டர் – என்ன பண்ண முடியும்?

ஏரிக்கரைத்தெரு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிங்க. எங்க ஊரு செங்கல்பட்டு மாவட்டம், ஜி.எஸ்.டி. ரோட்டுல (சென்னை–திருச்சி ஹைவே) இருந்து உள்ள 6 கிலோமீட்டர். ஊர் பேர் போடல, ஏன்னா இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போய் கேட்டாலும் இதே கதைதான் சொல்லுவாங்க. நான் ஸ்கூல் படிக்கிறப்ப ஏரித் தண்ணியில சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு போட்டுட்டு இருந்த ஊரு. மொத வீட்டுமனை லேஅவுட் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆகுது, அப்ப யாரும் பெருசா எடுத்துக்கல, கல்லு நட்டு கலர் கொடி கட்டினாங்க, அஞ்சாறு வருஷம் முள்ளு முளைச்சுதான் கிடந்தது. அப்புறம் ரெண்டாவது, மூணாவது. 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு தொறந்த பிறகு வீடு கட்டற வேகமே மாறிடுச்சு. பழைய ஊர்ல 210 வீடு, இப்ப புதுசா மட்டும் 160 வீடு குடி வந்துட்டாங்க. நாலாவதா 14 ஏக்கர், 220 பிளாட்டுன்னு போர்டு வச்சிருக்காங்க.

தண்ணி விஷயம் மட்டும் சொல்றேன், மத்தது புரிஞ்சிடும். எங்க தெரு குழாய்ல ரெண்டு வருஷமா தண்ணி மேல ஏறல. அதனால குழாயை அறுத்து தரைக்குக் கீழ இறக்கி, பக்கத்துல ஒரு முழ ஆழத்துக்கு பள்ளம் தோண்டி, அதுக்குள்ள குடத்தை வச்சு பிடிக்கிறோம். காலைல அஞ்சரைக்கு விடுவாங்க, ஆறு பத்துக்கு நின்னுடும். எங்கம்மாவுக்கு 63 வயசு, முட்டி தேய்மானம். அந்தப் பள்ளத்துல ஒரு கால வச்சு குனிஞ்சு ரொம்பின குடத்தை ரெண்டு கையால தூக்கி கரையில வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டுதான் நிமிருவாங்க. மழை வந்தா அந்தப் பள்ளம் பூரா சேறு, அதுக்குள்ளதான் குடிக்கிற தண்ணி பிடிக்கணும்.

கரண்ட் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல டல்லு, ஃபேன் சுத்தறது கண்ணுக்குத் தெரியும். ஊருக்குள்ள போட்ட ரோடு டிப்பர் லாரி போய்ப் போய் நடுவுல மேடு ரெண்டு பக்கம் குழி. எல்லாத்தையும் விட எனக்கு பயமா இருக்கறது ஏரிக்கு வர்ற வரத்து வாய்க்கால், நாலாவது லேஅவுட்டுக்கு நடுவுலதான் அது வருது, அதை மூடி ரெண்டு சிமெண்ட் பைப்பு மட்டும் பதிச்சு மேல ரோடு போட்டிருக்காங்க.

கேள்வி இதுதான். கிராம சபையில தீர்மானம் போட்டு இதை நிறுத்த முடியுமா? முடியாதுன்னா வேற என்ன கேக்கலாம், யார்கிட்ட கேக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பைபாஸ்_பக்கம்:

தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ, நிலத்தை வித்தது யாரு? ஊர்க்காரங்கதானே? ஏக்கர் என்ன விலை வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வித்துட்டு அப்புறம் வீடு கட்ட வர்றவன் மேல கோவப்பட்டா எப்படி.

ஏரிக்கரைத்தெரு:

நீங்க கேட்டது நியாயம்தான், நான் மறைக்கல. எங்கப்பாவும் வித்தாரு. 70 சென்ட். தங்கச்சி கல்யாணத்துக்கும், மூணு வருஷம் தொடர்ந்து நெல்லுல நட்டப்பட்ட கடனுக்கும். அது இப்ப மூணாவது லேஅவுட்ல இருக்கு. கரையோரம் நின்ன ரெண்டு பனமரம் இன்னும் அங்கதான் நிக்குது, ஒரு வீட்டு காம்பவுண்டுக்குள்ள. வித்தவன் வாங்கினவன் ரெண்டு பேர் மேலயும் எனக்கு கோவம் இல்லண்ணா. நிலம் கை மாறினது பத்திரத்தோட முடிஞ்சிடுச்சு, ஆனா அந்த நிலத்துல குடி வர்ற சனத்துக்கு தண்ணி யார் குடுக்கறது, குப்பை யார் அள்ளறதுன்னு யாருமே உக்காந்து பேசல. அதைத்தான் கேக்கறேன்.

கணக்குநோட்டு:

தம்பி, நான் ஊராட்சி வேலையில இருந்து ரிட்டயர் ஆனவன், வட மாவட்டத்துல மூணு ஊராட்சி பார்த்திருக்கேன். ஒண்ணொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளும்.

மொதல்ல உன் நேர் கேள்விக்கு. கிராம சபை தீர்மானத்தால லேஅவுட்டை நிறுத்தறது கஷ்டம். அனுமதி குடுக்கறது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதான் டிடிசிபி, இல்லன்னா சிஎம்டிஏ, அதான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். 2022 அக்டோபர்ல சிஎம்டிஏ எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904ஆ ஆக்கி அரசாணை வந்துச்சு, அதனால உங்க ஊரு எதுக்குள்ள வருதுன்னு மொதல்ல பாத்துக்க. ஆனா "நமக்கு ஒண்ணும் அதிகாரம் இல்ல"ன்னு ஊராட்சியில சொன்னா நம்பிடாத. டிடிசிபி குடுக்கறது தொழில்நுட்ப அனுமதி. அதுக்கப்புறம் லேஅவுட் போடறவர் ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி பேருக்கு தானப்பத்திரம் எழுதிக் குடுக்கணும், அதை வாங்கிக்கிட்டுதான் உள்ளாட்சி இறுதி ஒப்புதல் குடுக்கும். ஊருக்கு இருக்கிற ஒரே பிடி அந்த இடம்தான். பத்திரத்துல வாய்க்கால் இருக்கா, ரோடு எத்தனை அடி, மழைத்தண்ணி கால்வா போட்டாச்சா, தெருவிளக்கு கம்பம் நட்டாச்சான்னு நேர்ல போய் பாத்துட்டு கையெழுத்து போடற தலைவரும் உண்டு, பைல்ல வந்ததைப் பாத்து போட்டுடறவரும் உண்டு.

10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ரெண்டரை ஏக்கருக்கு மேல போனா, ரோடு போக மீதி இடத்துல 10 சதவீதம் திறந்தவெளியா ஒதுக்கி எழுதிக் குடுத்தே ஆகணும், பணமா கட்டிட்டு தப்பிக்க முடியாது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதியில இன்னொண்ணும் இருக்கு, பொது உபயோகத்துக்குன்னு தனியா 1 சதவீதம், அதுல பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. 14 ஏக்கர் லேஅவுட்ல அந்த அரை சதவீதம் ஒரு மேல்நிலைத் தொட்டி கட்ட தாராளமா போதும். இடம் இல்லன்னு சொல்லித்தான் பாதி ஊர்ல டேங்க் நிக்குது, இடம் சட்டப்படியே வருது, அதை கேட்டு வாங்கறவங்கதான் கம்மி.

இப்ப கணக்கு. ஜல் ஜீவன் திட்டம் 2019ல வந்தப்ப ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு வச்சாங்க. உங்க பழைய ஊரு 210 வீடு, வீட்டுக்கு நாலு பேர் போட்டா 840 பேர், 46,200 லிட்டர். 30,000 லிட்டர் டேங்க்கை ரெண்டு தடவை ஏத்தினா சரியா போச்சு. 370 வீட்டுக்கு 81,400 லிட்டர். அந்த 220 பிளாட்டும் வீடாச்சுன்னா 1,29,800. அதே டேங்க்கை அஞ்சு தடவை ஏத்தி இறக்கணும், போர்ல அத்தனை தண்ணியும் இருக்கணும், மோட்டாரும் தாங்கணும், தண்ணி தொறந்து விடற ஆபரேட்டர் ஒரே ஆளு. உங்கம்மா பள்ளத்துல இறங்கி குடம் தூக்கறதுக்கு காரணம் இதுதான் தம்பி.

இதுக்கெல்லாம் பணம் ஏன் வரலன்னு கேப்ப. ஊராட்சிக்கு வர்ற மானியம் மக்கள்தொகையை வச்சு வருது, அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பு. 2021ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனால தள்ளிப் போச்சு. உங்க ஊர்ல குடி வந்த அந்த 160 குடும்பமும் மானியக் கணக்குல ஒரு ஆளா கூட இல்ல. மத்திய அரசோட 15வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு பண்ணணும்னு கட்டி வச்சிருந்தாங்க, ஆனா தொகையே பழைய தலைக்கட்டுக்கு வர்றப்ப எவ்வளவு இழுத்தாலும் எட்டாது.

பிளாட்நம்பர்47:

இதைப் படிச்சிட்டு பதில் போடாம போக மனசு வரல. நான் நீங்க சொல்ற மாதிரி வேற ஒரு ஊர்ல லேஅவுட்ல வீடு கட்டி இருக்கறவன், உங்க பக்கம்தான். தாம்பரத்துல வாடகை குடுத்து முடியாம, நகையை வச்சு, லோன் போட்டு 1,200 சதுர அடி வாங்கினோம். நோட்டீஸ்ல "சுவையான குடிநீர், 30 அடி தார் ரோடு, தெருவிளக்கு, 24 மணி நேர பாதுகாப்பு"ன்னு போட்டிருந்தது. பத்திரம் முடிஞ்சதும் அந்த ஆபீஸையே காலி பண்ணிட்டாங்க. ரோடு ரெண்டு மழைக்கு ஜல்லியா போச்சு. ஊராட்சியில கேட்டா "உங்க ரோடு இன்னும் எங்க பேருக்கு வரல, நாங்க ஒரு ரூபா செலவு பண்ண முடியாது"ன்னு சொல்றாங்க. தெருவிளக்கு ஒண்ணு கூட எரியல, என் பொண்ணு டியூஷன் முடிஞ்சு வர்றப்ப நான் பைக் லைட்ட போட்டுக்கிட்டு முனையில நிப்பேன்.

தண்ணிக்கு எங்களுக்கும் வேற வழி இல்ல. 12,000 லிட்டர் லாரி ஒரு லோடு போன வெயில்ல 1,800 ரூபா, பத்து வீடு சேந்து போட்டா கூட மாசம் தாங்கல. ஊர் லைன்ல கனெக்ஷன் குடுத்தாங்க, அதுல தண்ணி வரலன்னு எங்க தெருவுலயே நாலு பேர் மோட்டார் வச்சு உறிஞ்சறாங்க. அது தப்புன்னு எனக்குத் தெரியும், ஊர்க்காரங்க ஒரு நாள் வந்து சத்தம் போட்டாங்க, எங்க ஆளுங்க திருப்பி கத்தினாங்க, அன்னியில இருந்து டீக்கடையில கூட மூஞ்சி குடுத்து பேசறது இல்ல. நாங்க யாரையும் துரத்திட்டு வரல சார், எங்களுக்கும் இதுதான் இனிமே ஊரு.

கணக்குநோட்டு ஐயா, எங்க லேஅவுட் ரோடு ஊராட்சி பேருக்கு வந்துச்சா இல்லையான்னு எப்படி பாக்கறது?

கணக்குநோட்டு:

சுலபம் தம்பி. பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டு வில்லங்கச் சான்று (அந்த நிலத்துக்குப் பதிஞ்ச பத்திரங்களோட லிஸ்ட்) பாரு, காசு இல்லாம பாக்கலாம். ரோட்டுக்கும் பார்க்குக்கும் தானப்பத்திரம் ஆகியிருந்தா அதுல வரும். அப்படி ஒரு பதிவே வரலன்னா ரெண்டு விதமா இருக்கலாம், ஒண்ணு எழுதிக் குடுக்காம ஏமாத்திட்டாங்க, இல்ல அது அனுமதியே இல்லாத மனைப்பிரிவு. 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட்டு அங்கீகாரம் இல்லாத மனையை பதியக் கூடாதுன்னு சொன்னது ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறம் 2017ல வரைமுறைப்படுத்தற திட்டம் வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிஞ்ச மனைக்கு. அப்படி வரைமுறை ஆன மனைன்னா நீங்க வளர்ச்சிக் கட்டணம் கட்டியிருப்பீங்க. அந்த ரசீது எடுத்து வச்சுக்க. அந்தக் காசு எங்க போச்சு, எங்க தெருவுல என்ன பண்ணீங்கன்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. லேஅவுட் வரைபடம் வேணும்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி எழுதிப் போடு, 30 நாள்ல பதில் சொல்லணும்.

வாசல்கோலம்:

எல்லாரும் தண்ணி ரோடுன்னே பேசறீங்க, நான் குழந்தைங்க பக்கம் சொல்றேன். எங்க ஊரு திருவள்ளூர் பக்கம், இங்கயும் இதே மாதிரிதான். ஒரு அங்கன்வாடி 400ல இருந்து 800 பேர் இருக்கற இடத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு. எங்க ஊர்ல ரெண்டாயிரம் பேர் தாண்டிட்டோம், அங்கன்வாடி இன்னும் ஒண்ணுதான். ஒரே ரூம், ஒரு மூலையில அடுப்பு, இன்னொரு மூலையில சத்துமாவு மூட்டை, நடுவுல பாய் விரிச்சு 38 குழந்தைங்க படுக்கறாங்க. மதியம் தூங்கற நேரத்துல போனீங்கன்னா கால் வைக்க இடம் இருக்காது, அந்த டீச்சரக்கா சுவத்தோரமா ஒட்டி ஒட்டி நடந்து போய்தான் ஃபேன் சுவிட்ச் போடுவாங்க. டீச்சர் தப்பே இல்ல, அவங்க வராத குழந்தை வீட்டுக்கு கூட நடந்து போய் எடை போட்டுட்டு வர்றாங்க.

நர்ஸம்மாவுக்கும் அதே நிலைமைதான், துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்கு ஒண்ணு. புது வீட்டுல கர்ப்பமா இருக்கற பொண்ணுங்க யாரு, தடுப்பூசி போடாத குழந்தை எதுன்னு அவங்க லிஸ்ட்லயே இல்ல, ஏன்னா பாதி பேருக்கு ஆதார் அட்ரஸ் இன்னும் பழைய இடம். ரேஷன் கார்டும் மாத்தல. சகோதரர் பிளாட்நம்பர்47, நீங்க உங்க தெருவுல எல்லார்கிட்டயும் இதை மட்டும் சொல்லுங்க, வோட்டர் ஐடியும் ரேஷன் கார்டும் இந்த ஊருக்கு மாத்துங்க. பேப்பர்ல ஆள் இருந்தாதான் ரெண்டாவது அங்கன்வாடி கேக்க முடியும், பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு டீச்சர் கேக்க முடியும். நாங்க போன வருஷம் கேட்டு மனு குடுத்தப்ப "பிள்ளைங்க பட்டியல் கொண்டாங்க"ன்னு சொன்னாங்க, ஆறு பொம்பளைங்க ரெண்டு சனி ஞாயிறு வீடு வீடா போய் நோட்டுல எழுதினோம். அஞ்சு வயசுக்குக் கீழ 91 பேர். அந்த நோட்டை பாத்த பிறகுதான் பேச்சே மாறிச்சு, இப்ப வாடகை கட்டடத்துல ரெண்டாவது மையம் ஆரம்பிக்கறதா சொல்லியிருக்காங்க.

கொங்கு_காட்டுக்காரன்:

நானு கோயமுத்தூர் பக்கமுங்க. தண்ணி டேங்க் கட்டலாம், அங்கன்வாடி கேக்கலாம், அதெல்லாம் காசு வந்தா ஆயிரும். வாய்க்கால் போச்சுன்னா திரும்பி வராதுங்க, அதனால ஏரிக்கரைத்தெரு தம்பி அந்த வேலைய மொதல்ல பாருங்க, மத்தது அப்பறம். எங்கூர்ல பள்ளத்த (ஓடையத்தான் நாங்க அப்படிச் சொல்றதுங்க) ஒட்டி சைட் போட்டாங்க, இருபது அடி அகலம் தண்ணி போன தடத்த மூணு அடி பைப்புக்குள்ள விட்டாங்க. ரெண்டு வருஷம் மழ இல்ல, யாருக்கும் ஒண்ணும் தெரியல. மூணாவது வருஷம் ஐப்பசில ஒரே ராத்திரி பேஞ்சுது, தண்ணி பைப்புல போகாம சைட்டுக்குள்ள ஏறி பதினாலு வூட்டுல இடுப்பளவு நின்னுச்சு. புதுசா கிரகப்பிரவேசம் பண்ணி நாப்பது நாள்கூட ஆகாத வூடு, பிரிட்ஜு மெதந்துட்டு வாசல்ல வந்து நிக்குது, அந்தப் புள்ள கைக்கொழந்தைய தோள்ல போட்டுட்டு மாடிப்படில உக்காந்திருந்தத நானு கண்ணால பாத்தனுங்க. கீழ இருக்கற குட்டைக்கோ சொட்டுத் தண்ணி வரல. வந்திருந்தா சுத்துவட்டம் பத்துப் பதினஞ்சு போர் ஊறியிருக்கும்.

அதனால கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அந்த சர்வே நம்பர் புலப்படம் (நெலத்தோட அளவு வரைபடம்) வாங்குங்க, அ-பதிவேட்டுல (எந்த நெலம் யாருது, என்ன வகைன்னு இருக்கற வருவாய்த்துறை நோட்டு) வாய்க்கால்னு இருக்கா பாருங்க, இருந்தா அது அரசு புறம்போக்கு, எவனும் மூட முடியாது. வாய்க்கால் வர்ற எடம்னா நீர்வளத்துறைகிட்ட தடையில்லாச் சான்று கேட்டிருப்பாங்க, அதுல எத்தன அடி அகலம் விடோணும், பாலம் எப்படிக் கட்டோணும்னு நிபந்தனை போட்டிருப்பாங்க, அந்த நகல வாங்கி டேப்பு வச்சு அளந்து பாருங்க. நஞ்சையா இருந்து மாத்தினதுன்னா கலெக்டர் ஒப்புதலும் இருக்கோணும், அதையும் சேத்துக் கேளுங்க.

இன்னொண்ணு, எங்க மாவட்டத்துல 2025 சனவரி 5ஓட தலைவர் வார்டு மெம்பர் எல்லாத்துக்கும் பதவிக்காலம் முடிஞ்சு அரசு போட்ட தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு. அதுக்கப்பறம் ஒரு தெருவிளக்குக்கு யாரப் போய் பாக்கறதுன்னே தெரியாம அலஞ்சோம். உங்க மாவட்டத்துல 2021 அக்டோபர்லதான் எலெக்ஷன் நடந்துச்சு, அதனால உங்க தலைவர் பதவியில இருக்கறப்பவே இத எழுத்துல வாங்கிருங்க.

முன்னாள்_வார்டு:

மேல சொன்னதோட நானும் ஒண்ணு சேக்கறேன், நான் அஞ்சு வருஷம் வார்டு மெம்பரா இருந்தவ. கிராம சபை இப்ப வருஷத்துக்கு ஆறு தடவை, சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அக்டோபர் 2ல நடக்கறது முக்கியம், அடுத்த வருஷ வளர்ச்சித் திட்டம் அங்கதான் ஆரம்பிக்கும். அன்னிக்கு வந்து வாயால கத்திட்டு போனா மினிட்ஸ் நோட்டுல ஒரு வரி கூட ஏறாது. ஒரு வாரம் முன்னாடியே எழுதி, கையெழுத்து வாங்கி, நகல்ல ஊராட்சி சீல் போட்டு வாங்கிக்கங்க. "தண்ணி பிரச்சனையை தீர்க்கணும்"னு பொத்தாம் பொதுவா எழுதாதீங்க. "இந்த சர்வே நம்பர்ல பொது உபயோகத்துக்கு ஒதுக்கின இடத்துல 1 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி"ன்னு எழுதுங்க. நாலாவது லேஅவுட்டுக்கு இறுதி ஒப்புதல் குடுக்கறதுக்கு முன்னாடி வாய்க்காலை ஊர் முன்னாடி அளந்து காட்டணும்னு எழுதுங்க.

அப்புறம் புது வீட்டுக்காரங்களை கூட்டிட்டு போங்க. எங்க ஊர்ல அவங்க தனியா வாட்ஸ்அப் குரூப், நாங்க தனியா மரத்தடி. ரெண்டு பேரும் தனித்தனியா போனப்ப ரெண்டு பேருக்கும் "அவங்களாலதான் பிரச்சனை"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒண்ணா நின்னப்ப அப்படி சொல்ல முடியல. வீட்டு வரி போடாத வீடு இருந்தா அதையும் நீங்களே கேட்டு போட வைங்க, ஊராட்சிக்கு அது சொந்த வருமானம், ஒரு தூய்மைக் காவலர் சம்பளம் அதுல வரும். எங்க ஊர்ல குப்பை வண்டி தள்ற ஒரே அம்மா காலைல பழைய ஊரை முடிச்சிட்டு மதியம் வெயில்ல லேஅவுட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிட்டு போவாங்க, அவங்களுக்கு ஒரு கூட்டாளி கிடைச்சதே இந்த வரி ஒழுங்கா வந்த பிறகுதான்.

பைபாஸ்_பக்கம்:

மொதல்ல நான் எழுதினது கொஞ்சம் வெடுக்குன்னு ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. ஒரு கேள்வி, இப்படி வளந்த ஊரை எல்லாம் பேரூராட்சி நகராட்சியோட சேத்துட்டா இதெல்லாம் தானா வந்துடாதா?

கணக்குநோட்டு:

வரலாம், ஆனா சேத்த உடனே பைப்பு வந்துடாது. வரி மொதல்ல ஏறும், நூறு நாள் வேலைன்னு சொல்ற, கிராமத்துக்கு மட்டும் இருக்கற வேலை உறுதித் திட்டம் நின்னு போகும், நிலமில்லாத வீட்டுக்கு அது பெரிய அடி. அதனாலதான் பல ஊர்ல இணைக்காதேன்னு மறியல் பண்றாங்க. பாதாள சாக்கடைக்கு அப்புறமும் வருஷக்கணக்கா காத்திருக்கணும், அதுவரைக்கும் இதே செப்டிக் டேங்க்தான். என் அனுபவத்துல ஊராட்சியா இருக்கறப்பவே ரோடு, பார்க், வாய்க்கால் மூணையும் பத்திரத்துல பத்திரமா வச்சுக்கிட்ட ஊருதான் அப்புறம் எதோட சேந்தாலும் தப்பிச்சது.

ஏரிக்கரைத்தெரு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வாரமா இதே வேலையா இருந்தேன், அதான் லேட்டு. நடந்ததை சொல்லிடறேன்.

வில்லங்கம் பாத்தோம். மூணாவது லேஅவுட்டுக்கு ரோடும் பார்க்கும் ஊராட்சி பேருக்கு சரியா வந்திருக்கு, பார்க் இடம் 28 சென்ட், அதுல இப்ப யாரோ செங்கல் அடுக்கி வச்சிருக்காங்க. ரெண்டாவதுக்கு ரோடு மட்டும் இருக்கு, பார்க் இல்ல. மொதல்ல வந்ததுக்கு ஒரு பதிவும் இல்ல. நாலாவதுக்கு இன்னும் தானப்பத்திரம் ஆகல, அதாவது இறுதி ஒப்புதல் ஆகல, இதைத் தெரிஞ்சதும்தான் கொஞ்சம் உயிர் வந்துச்சு. புலப்படத்துல வாய்க்கால் தெளிவா இருக்கு, அகலம் 5.2 மீட்டர். பதிச்சிருக்கற பைப்பு ஒவ்வொண்ணும் ரெண்டு அடி.

மூணாவது லேஅவுட்டுக்கு நேர்ல போனேன். எங்க பனமரம் நிக்கற வீட்டுக்காரர்தான் கதவு தொறந்தாரு, யாருன்னு சொன்னதும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு காபி குடுத்தாங்க. அவங்க வீட்டம்மா ரெண்டு நாள்ல 60 வீட்டுல கையெழுத்து வாங்கிட்டாங்க, ஊர்ப்பக்கம் நாங்க 112. மோட்டார் வச்சு உறிஞ்சறதை ஒரு மாசத்துக்கு நிறுத்திப் பாக்கறோம்னு அவங்களே சொன்னாங்க, பதிலுக்கு வாரத்துல மூணு நாள் அவங்க பக்கம் வால்வை முதல்ல தொறக்க ஆபரேட்டர்கிட்ட பேசியிருக்கோம். நாலு நாளா எங்க தெருவுல ஆறரை வரைக்கும் தண்ணி நிக்குது.

மனு குடுத்து சீல் வாங்கியாச்சு. அளவையர் வர்ற தேதி வர்ற வியாழக்கிழமைன்னு சொல்லியிருக்காங்க, காலைல ஒன்பது மணிக்கு வாய்க்கால் முனையில ரெண்டு பக்கத்து ஆளுங்களும் நிக்கறோம். கொங்கு அண்ணா, அந்த தடையில்லாச் சான்று நகல் கைக்கு வந்ததும் இங்க எழுதறேன், நிபந்தனையைப் படிச்சு பாத்து சொல்லுங்க.